பிரெடெரிக் கௌலாண்ட் ஹாப்கின்ஸ்

சர் பிரெடெரிக் கௌலாண்ட் ஹாப்கின்ஸ் (ஜூன் 20, 1861 - மே 16, 1947) ஓர் ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் ஆவார். உயிர்ச்சத்துக்கள் பற்றிய ஆய்விற்காக 1929 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசை கிறித்தியான் எய்க்மானுடன் பகிர்ந்துகொண்டார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முதல் உயிர்வேதியியல் பேராசிரியரும் இவரே.

வாழ்க்கைக் குறிப்பு

இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். வேதியியல் பகுப்பாய்வாளராகப் பணியாற்றிய பின்னரே லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்று 1894 இல் தேறினார். 1898 இல் மைக்கேல் பாஸ்டரின் அழைப்பை ஏற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கு கற்பித்தல் பணியின் மிகுதியால் 1910 இல் உடல்நலம் குன்றினார். அதன்பின் டிரினிட்டி கல்லூரி அளித்த பதவி, ஆய்வில் முழுமையாக ஈடுபட வழிசெய்தது. 1914 இல் பேராசிரியரானார்.

ஆய்வுகள்

இவரது முக்கிய ஆய்வுகள் பல பிறருடன் இணைந்து செய்யப்பட்டவை. 1901 இல் சிட்னி கோலுடன் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1906 இல் எடித் வில்காக்குடன், மக்காச்சோளப் புரதம் மட்டும் சுண்டெலிகளுக்குப் போதாது எனக் காட்டினார். 1907 இல் வால்ட்டர் பிளெட்சருடன், தசை சுருங்கும்போது லாக்டிக் அமிலம் உருவாவதை நிறுவினார். 1912 இல் வெளியிட்ட ஆய்வில், தூய புரதம், மாவுச்சத்து, கொழுப்பு, உப்புக்கள் ஆகியவற்றை மட்டும் உண்ட இள எலிகளின் வளர்ச்சி நின்றது. சிறிதளவு பால் சேர்த்தபோது அவை மீண்டும் வளர்ந்தன.

1921 இல் குளுட்டாத்தயோனைப் பிரித்தெடுத்து, அதில் இரண்டு அமினோ அமிலங்களே உள்ளதாகக் கருதினார். பிறர் இதனை மறுத்தனர். மீண்டும் ஆராய்ந்த ஹாப்கின்ஸ், அது மூன்று அமினோ அமிலங்களால் ஆனது என்பதை 1929 இல் தாமே வெளியிட்டார்.

உயிர்வேதியியல் துறை

வில்லியம் டன் அறக்கொடையால் துறைக்குக் கிடைத்த புதிய கட்டடம் 1924 இல் திறக்கப்பட்டது. ஹாப்கின்ஸ் தமது ஆய்வுப்பொருளைப் பிறர்மீது திணிக்கவில்லை. மார்ஜரி ஸ்டீபன்சன் நுண்ணுயிர்களையும், டோரதி நீடாம் தசையையும், ஜோசப் நீடாம் கருவளர்ச்சியையும், ஜே. பி. எஸ். ஹால்டேன் நொதிகளையும் ஆராய்ந்தனர். பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கக் கேம்பிரிட்ஜ் 1948 வரை முன்வராத நிலையில், இத்துறையில் பெண்கள் பலர் ஆய்வு செய்தனர். 1933 இல் நாசி ஜெர்மனியில் பணியிழந்த ஹான்ஸ் கிரெப்சுக்கும் ஹாப்கின்ஸ் இங்கு இடமளித்தார். கிரெப்ஸ் 1953 இல் நோபல் பரிசு பெற்றார்.

சிறப்புகள்

1925 இல் சர் பட்டம் பெற்றார். 1930 முதல் 1935 வரை ராயல் கழகத்தின் தலைவராக இருந்தார். 1943 இல் ஓய்வுபெற்ற இவர், கேம்பிரிட்ஜில் காலமானார்.