எஃகைச் சுத்தமாக்கிய உலைச்சுவர்: ஒரு கோர்ட் கிளார்க்கின் கதை

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும்? களிம்பு இறங்கிக் குழம்பே கெட்டுப்போகும். சமைத்தவர் மேல் தப்பில்லை, பாத்திரம்தான் காரணம். எஃகு ஆலையிலும் இதே கதைதான். சுமார் 1,600 டிகிரி செல்சியஸில் தகதகக்கும் உருக்குக் குழம்புக்கும், அதைத் தாங்கி நிற்கும் உலையின் உட்சுவருக்கும் இடையே ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. சுவர் சரியில்லை என்றால் எஃகும் சரியாக வராது.

இதைப் புரிந்துகொண்டு உலகத்தின் எஃகுத் தொழிலையே மாற்றியவர் பெரிய விஞ்ஞானியோ ஆலை முதலாளியோ இல்லை. பகலில் போலீஸ் கோர்ட்டில் வேலை பார்த்த லண்டன் இளைஞர் ஒருவர். பெயர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ்.

கனவைக் கைவிட்ட பையன்

1850 ஏப்ரலில் லண்டனில் பிறந்தவர் தாமஸ். டல்விச் கல்லூரியில் படித்தார். டாக்டர் ஆக வேண்டும் என்பது ஆசை. 1867-ல் அப்பா இறந்துபோக, குடும்ப வருமானம் சுருங்கியது. மருத்துவப் படிப்பு எட்டாக்கனி ஆனது. கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, போலீஸ் கோர்ட்டில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கிழக்கு லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் இருந்த தேம்ஸ் போலீஸ் கோர்ட்டில் பல வருடங்கள் வேலை பார்த்தார். குடித்துவிட்டுத் தகராறு, வீட்டுச் சண்டை, சில்லறைத் திருட்டு என்று ஏழைகளின் வழக்குகள்தான் தினமும் அவர் முன்னால் வந்து நின்றன.

சாயந்திரம் ஆனால் ஆள் வேறு. பர்க்பெக் நிறுவனத்தின் மாலை வகுப்புகளில் வேதியியல் படித்தார். வீட்டிலேயே சோதனைகள் செய்து பார்த்தார். அங்கே ஒரு நாள் வகுப்பெடுத்த ஆசிரியர், பெஸ்ஸமர் கன்வர்ட்டரில் பாஸ்பரஸை நீக்க வழி கண்டுபிடிக்கிறவர் பெரும் பணக்காரர் ஆகிவிடுவார் என்று சொல்லிவைத்தார். அந்தப் பேச்சு தாமஸின் மனதில் ஒட்டிக்கொண்டது.

பாஸ்பரஸில் அப்படி என்ன பிரச்சினை?

1856-ல் ஹென்றி பெஸ்ஸமர் ஒரு புதிய முறையை அறிவித்தார். உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதினால் போதும், சில நிமிடங்களில் எஃகு தயார். தனியாக எரிபொருளே வேண்டாம். ஆனால் பலர் அதைச் செய்து பார்த்தபோது, கிடைத்த எஃகு குளிர்ந்ததும் பட்டென்று உடைந்தது. காரணம், தாதுவோடு வந்த பாஸ்பரஸ். எஃகில் அது 0.1 சதவீதம் இருந்தாலே தண்டவாளத்துக்கு ஆபத்து. ஐரோப்பாவின் இரும்புத் தாதுவில் பெரும்பகுதி பாஸ்பரஸ் கலந்தது. அதனால் பாஸ்பரஸ் குறைவான தாதுவைத் தேடித்தேடி, அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

காற்று ஊதும்போது கார்பன் எரிந்து போகிறது. பாஸ்பரஸ் மட்டும் ஏன் போக மறுக்கிறது? பலருக்கும் புரியாத புதிர் இதுதான்.

குற்றவாளி, சுவர்!

தாமஸ் பார்த்தது குழம்பை அல்ல, பாத்திரத்தை. அன்றைய கன்வர்ட்டர்களின் உட்புறம் சிலிக்கா நிறைந்த கல்லால் ஆனது. சிலிக்கா அமிலத்தன்மை கொண்டது. பாஸ்பரஸ் ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் உருவாகும் பொருளும் அமிலத்தன்மை கொண்டதுதான். அதைப் பிடித்து மேலே மிதக்கும் கசடோடு கட்டிவைக்க, காரத்தன்மை உள்ள சுண்ணாம்பு வேண்டும். பிடித்துவைக்க ஆள் இல்லாததால் பாஸ்பரஸ் திரும்பவும் இரும்புக்குள்ளேயே போய்விடுகிறது.

அப்படியானால் சுண்ணாம்பைப் போட்டுவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். சுண்ணாம்பு முதலில் சிலிக்கா சுவரையே தின்றுவிடும். ஆகவே சுவரையே மாற்ற வேண்டும், காரத்தன்மை உள்ள பொருளால் கட்ட வேண்டும். 1875 முடிவதற்குள் தாமஸ் இந்த முடிவுக்கு வந்துவிட்டார். அப்போது அவருக்கு 25 வயது.

இதே திசையில் வேறு சிலரும் யோசித்திருந்தார்கள். ஜார்ஜ் ஸ்னேலஸ் சுண்ணாம்புச் சுவரைப் பற்றி முன்பே காப்புரிமை எடுத்திருந்தார். ஆனால் ஆலையில் நாள் கணக்கில் தாங்கும் சுவரைக் கட்டிக்காட்டுவது வேறு விஷயம்.

கைகொடுத்தவர் தாமஸின் உறவுக்காரர் பெர்சி கில்கிறிஸ்ட். வேல்ஸின் பிளைனாவன் இரும்பாலையில் வேதியியலாளர். சில கிலோ இரும்பு மட்டுமே கொள்ளும் குட்டி கன்வர்ட்டரில் சோதனைகள் தொடங்கின. வாரம் முழுக்க கோர்ட், விடுமுறை கிடைத்தால் ரயிலேறி வேல்ஸ். ஆலையின் மேலாளர் எட்வர்ட் மார்ட்டினும் உதவிக்கு வந்தார். சுட்ட டோலமைட்டைச் சுவராக வைத்து, உள்ளே சுண்ணாம்பும் போட்டார்கள். பாஸ்பரஸ் கசடுக்குப் போனது.

யாரும் கண்டுகொள்ளவில்லை

1878 மார்ச்சில் லண்டனில் இரும்பு எஃகு நிறுவனத்தின் கூட்டம். துறையின் பெரிய தலைகள் எல்லாம் அங்கே. எழுந்து நின்ற 27 வயது இளைஞர், பாஸ்பரஸை நீக்கிவிட்டதாகச் சொன்னார். யார் இந்தப் பையன் என்பதுபோல சபை அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. அதே ஆண்டு பாரிஸ் கூட்டத்துக்காக எழுதிய கட்டுரையும் அங்கே வாசிக்கப்படாமல் தள்ளிப்போனது.

ஆனால் ஒருவர் காதுகொடுத்தார். மிடில்ஸ்பரோவில் இருந்த போல்கோ வாகன் ஆலையின் விண்ட்சர் ரிச்சர்ட்ஸ். அந்த வட்டாரத்தின் கிளீவ்லேண்ட் தாதுவில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் அவருக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. 1879 ஏப்ரல் 4-ம் தேதி அங்கே பெரிய அளவில் செய்துகாட்டினார்கள். வெற்றி! ஐரோப்பிய ஆலைக்காரர்கள் மிடில்ஸ்பரோவுக்குப் படையெடுத்தார்கள். அடுத்த மாதம் தாமஸ் கோர்ட் வேலையை விட்டார்.

ஜெர்மனியின் கையில் இருந்த லொரேன் பகுதித் தாது, பாஸ்பரஸால் எஃகுக்கு உதவாமல் கிடந்தது. தாமஸ் முறை வந்ததும் அதுவே பொக்கிஷம் ஆனது. 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள் எஃகு உற்பத்தியில் பிரிட்டனை ஜெர்மனி முந்தியது. கண்டுபிடித்தவர் ஊர் ஒன்று, அதிகம் லாபம் பார்த்த நாடு வேறொன்று. தூக்கிப்போட வேண்டிய கசடுகூட வீணாகவில்லை. பாஸ்பரஸ் இருந்ததால் அதை அரைத்து வயலுக்கு உரமாகப் போட்டார்கள்.

34 வயதில் முடிந்த வாழ்க்கை

பணம் வந்தது, புகழ் வந்தது, 1883-ல் பெஸ்ஸமர் பதக்கமும் வந்தது. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. பகலில் வேலை, இரவில் ஆராய்ச்சி என்று ஓடிய வருடங்களுக்குப் பிறகு நுரையீரல் கெட்டிருந்தது. நீண்ட கடல் பயணம், வெயில் நாடுகளில் ஓய்வு, எதுவும் பலிக்கவில்லை. 1885 பிப்ரவரி 1-ம் தேதி பாரிஸில் இறந்தார். வயது 34. அம்மாவுக்கும் தங்கைக்கும் வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மிச்ச சொத்தைப் பொதுநலப் பணிகளுக்கு எழுதிவைத்தார். கோர்ட்டில் தினமும் பார்த்த முகங்களை அவர் மறக்கவில்லை.

இன்றைக்கு என்ன நிலைமை?

இன்றைய பெரிய ஆலைகளின் ஆக்ஸிஜன் கன்வர்ட்டர்களில் மேக்னீசியா-கார்பன் செங்கல் சுவர்தான். தாமஸ் சொன்ன அதே காரத்தன்மைச் சுவர். மேக்னீசியா தயாரிக்க உதவும் மேக்னசைட், அதாவது வெள்ளைக்கல், நம்ம சேலத்தில் வெட்டப்படுகிறது.

சுவரின் வேலை பாஸ்பரஸோடு முடிவதில்லை. எஃகில் மிஞ்சிய ஆக்ஸிஜனை எடுக்க அலுமினியம் போடுவார்கள். சுவரில் சிலிக்கா இருந்தால் அலுமினியம் அதிலுள்ள ஆக்ஸிஜனையும் பிடுங்கி, நுண்ணிய அலுமினா துகள்களாக மாறி எஃகுக்குள் தங்கிவிடும். பேரிங், ஸ்பிரிங் போன்றவற்றில் விரிசல் தொடங்குவது பல நேரம் இப்படிப்பட்ட துகளில்தான்.

சிலிக்கா சுவர் கொண்ட இண்டக்‌ஷன் உலைகள் இந்தியாவில் ஏராளம். அவற்றில் பாஸ்பரஸை நீக்குவது கஷ்டம். அதனால் உள்ளே போடும் பழைய இரும்பைப் பார்த்துத்தான் போட வேண்டும். வீடு கட்டக் கம்பி வாங்குகிறவர்கள், விலையோடு சேர்த்து அதன் பரிசோதனைச் சான்றிதழில் பாஸ்பரஸ் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.