இழுவைக்கு பெட்ரோலா, டீசலா? விடை கொடுத்தவர் கடலில் காணாமல்போன கதை!

செங்கப்பள்ளி பக்கம் ஹைவேஸ்ல ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க. திருப்பூர் பனியன் பண்டல்களை ஏத்திக்கிட்டுப் போற கன்டெய்னர், நூல் மூட்டையோட வர்ற லாரி, ஊத்துக்குளி ஆர்.எஸ் பக்கம் திரும்புற பிக்கப்னு வரிசையா போய்க்கிட்டே இருக்கும். பெரிய வண்டி எல்லாத்துலயும் ஒரே சத்தம். டீசல் இன்ஜினோட அந்த 'கடகட' சத்தம்.

இப்போ நம்ம பசங்க பலருக்கும் ஒரு புது ஆசை. பிக்கப்புக்குப் பின்னால ஒரு கேம்பரைக் கோத்துக்கிட்டு, இல்லைன்னா வேனையே வீடாக்கிக்கிட்டு மலையேறணும். ஆசை வந்ததும் முதல்ல வர்ற கேள்வி: பெட்ரோலா, டீசலா?

அந்தக் கேள்விக்கு மெக்கானிக் சொல்ற பதில் அப்புறம். 'டீசல்'ங்கறது எண்ணெயோட பேர் மட்டும்தான்னு நினைச்சிருந்தீங்கன்னா, இந்தக் கதை உங்களுக்குத்தான். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். இன்ஜினுக்கு அவர் பெயர் வந்தது. இன்ஜினிலிருந்து எண்ணெய்க்கு வந்தது.

தள்ளுவண்டிப் பையன்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் பிழைப்புக்காக அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள். அப்பாவுக்குத் தோல் பொருள்கள் செய்யும் சின்னப் பட்டறை. செய்த சரக்கைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. பாரத்தை இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நேரம் கிடைத்தால் பாரிஸின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு ஓடிவிடுவார். பீரங்கியை இழுப்பதற்காக 1770 வாக்கில் க்யூன்யோ என்பவர் செய்த நீராவி வண்டி அங்கே இருக்கிறது. இன்றைய லாரிகளுக்கெல்லாம் அது கொள்ளுப்பாட்டன் மாதிரி.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியக் குடும்பம் என்பதால் பாரிஸை விட்டு லண்டனுக்குக் கிளம்ப வேண்டிய நிலை. அங்கே வறுமை. 12 வயசுப் பையனை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரங்க வீட்டுல தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேகம் இருக்கும், தெரியும்ல? அது அவருக்கும் இருந்தது. ஸ்காலர்ஷிப் வாங்கி ம்யூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். டைஃபாய்டு வந்து பரீட்சை தள்ளிப்போனாலும், 1880-ல் மிகச் சிறந்த மதிப்பெண்களோடு வெளியே வந்தார்.

நூறு ரூபாய்க்குக் கரி, தொண்ணூறு ரூபாய் வீண்

அங்கே அவருக்கு வாத்தியார் கார்ல் வான் லிண்டே, குளிர்பதன இயந்திரங்களின் முன்னோடி. நீராவி இன்ஜின்கள் எரிபொருளின் சக்தியில் கிட்டத்தட்ட 10 சதவிகிதத்தைத்தான் வேலையாக மாற்றுகின்றன என்பதை அந்த வகுப்பில்தான் டீசல் தெரிந்துகொண்டார். நூறு ரூபாய்க்குக் கரி வாங்கினால் தொண்ணூறு ரூபாய் வீண். அந்தக் கணக்கு அவரைத் தூங்கவிடவில்லை.

இன்னொரு விஷயமும் உறுத்தியது. நீராவி இன்ஜின் பெரிய முதலாளிக்கு மட்டுமே கட்டுப்படியாகும். அப்பாவைப் போன்ற பட்டறைக்காரர்கள் போட்டியில் நசுங்கிப்போனார்கள். சின்னப் பட்டறைக்கும் கட்டுப்படியாகிற சிக்கனமான இன்ஜின் வேண்டும் என்பது அவருடைய கனவு. ஜாப் ஒர்க் எடுத்துப் பொழைக்கிற நம்ம ஊருக்கு இந்தக் கனவை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

பொறி இல்லாமல் தீ

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகும். ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும். டீசல் யோசித்தது வேறு. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்ப்போட அடிப்பக்கம் சுடும் இல்லையா? காற்றை அழுத்தினால் சூடாகும். பயங்கரமாக அழுத்தினால், எண்ணெய் பட்டதும் தானே பற்றிக்கொள்கிற அளவுக்குச் சூடாகும். அப்புறம் எதற்கு ஸ்பார்க் பிளக்?

1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ரூப் நிறுவனமும் கைகொடுத்தன. 1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனை. இன்ஜினில் பொருத்தியிருந்த அளவுக் கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் இருந்தவர்கள் உயிர் தப்பியதே பெரிய விஷயம். ஆனால், டீசலுக்கு அந்த வெடிப்பில் நல்ல சேதியும் இருந்தது. அழுத்திய காற்று எரிபொருளைப் பற்றவைக்கும் என்பது நிரூபணமாகிவிட்டதே!

1894 பிப்ரவரியில் இன்ஜின் சுமார் ஒரு நிமிடம் தானாக ஓடியது. ஒரே ஒரு நிமிடம். அதற்குப் பிறகும் மூன்று வருடம் போராடினார். 1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமாகச் சோதித்தார். கிடைத்த திறன் 26.2 சதவிகிதம். நீராவி இன்ஜினைப் போல இரண்டரை மடங்கு!

ஏறின வேகத்தில் இறக்கம்

அப்புறம் பணம் கொட்டியது. அமெரிக்க உரிமையை பீர் ஆலை அதிபர் அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது. ஆமாங்க, நம்ம கடலெண்ணெய்தான்! 1912-ல் 'செலாண்டியா' என்ற பெரிய டீசல் கப்பல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை போனது.

ஆனால், அவருடைய சொந்த வாழ்க்கை இறக்கத்தில் பிரேக் பிடிக்காத வண்டியாகிவிட்டது. வாங்கிப்போன நிறுவனங்களின் இன்ஜின்கள் பழுதாகிக்கொண்டே இருந்தன. காப்புரிமை வழக்குகள் வேறு. உடலும் மனமும் உடைந்து சானடோரியத்தில் தங்கவேண்டி வந்தது. ம்யூனிக்கில் ஆடம்பரமாக பங்களா கட்டினார். நிலத்தில் போட்ட பணமும் போனது. வெளியே உலகப் புகழ், உள்ளே கழுத்து வரை கடன். தறி ஓடுற சத்தம் கேட்கும், உள்ளே தவணை கட்டக் காசிருக்காது, அந்த மாதிரி.

1913 செப்டம்பர் 29 மாலை, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச்சுக்குப் போகும் 'டிரெஸ்டன்' கப்பலில் ஏறினார். இரவு உணவு முடித்து, சுமார் 10 மணிக்கு அறைக்குப் போனார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லியிருந்தார். காலையில் அறை காலி. படுக்கையில் யாரும் படுத்த சுவடே இல்லை. டைரியில் அந்தத் தேதியில் ஒரு சிலுவைக் குறி மட்டும்.

அக்டோபர் 10 அன்று ஒரு டச்சுப் படகு, கடலில் மிதந்த உடலைக் கண்டது. பையிலிருந்த பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மூக்குக் கண்ணாடிக் கூடு, பேனாக்கத்தி போன்ற அந்தப் பொருள்களைப் பார்த்து, அப்பாவுடையவைதான் என்று மகன் உறுதி செய்தார். வயது 55. தற்கொலையா, கொலையா, விபத்தா என்று இன்றுவரை வாதம் ஓடுகிறது. மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போன பையில் பணமும், கணக்கு காலி எனக் காட்டும் பேங்க் காகிதங்களும் இருந்ததால், பலரும் தற்கொலை என்றே நினைக்கிறார்கள்.

அவர் பார்க்காத லாரி

இதில் பெரிய சோகம் என்ன தெரியுமா? டீசல் லாரியை அவர் பார்க்கவே இல்லை. அவருடைய 1897 இன்ஜின் சுமார் மூன்று மீட்டர் உயரம். எண்ணெயைத் தெளிக்கவே தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும். லாரிக்கு ஏற்ற சிறிய இன்ஜினுக்கும் முயன்றார், பலிக்கவில்லை. அவர் இறந்து பத்து வருடம் கழித்துத்தான் பென்ஸ், எம்.ஏ.என் நிறுவனங்கள் டீசல் லாரியை ரோட்டில் இறக்கின. 1927-ல் பாஷ் நிறுவனத்தின் பம்ப் வந்தபிறகு அது வேகமெடுத்தது. 1954-ல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள் வர ஆரம்பித்தன.

சரி, உங்க கேள்விக்கு வருவோம். இழுவையில் டீசல் ஜெயிப்பது அந்த அழுத்தத்தால்தான். பெட்ரோல் இன்ஜின் காற்றைப் பத்து, பன்னிரண்டு மடங்கு அழுத்தும். டீசல் பதினைந்து மடங்குக்கும் மேல். கூடவே டர்போவும் சேர்வதால், குறைந்த சுற்றிலேயே முழு இழுவிசை கிடைக்கும். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் பாரத்தோடு ஏறும்போது இந்த வித்தியாசம் புரியும். லிட்டருக்கு ஓடும் தூரமும் அதிகம். ஹைலக்ஸ், வி-க்ராஸ் போன்ற பெரிய பிக்கப்களை நம்ம நாட்டில் டீசலில் மட்டுமே விற்பது சும்மா இல்லை.

வருஷத்துக்கு ரெண்டு தடவை மட்டும் டூர், மற்ற நாளெல்லாம் ஊத்துக்குளி டு திருப்பூர் ஆபீஸ் ஓட்டம்தான்னா, டீசல் வேண்டாம். விலையும் சர்வீஸ் செலவும் ஜாஸ்தி. சின்னச் சின்ன ஓட்டத்துக்குப் புகை வடிகட்டியும் அடைச்சுக்கும். லைட்டான கேம்பர் வேனுக்குப் பெட்ரோலே போதும். சி.என்.ஜி செலவைக் குறைக்கும். ஆனா, சிலிண்டர் இடத்தைப் பிடிக்கும், ஏத்தத்துல கொஞ்சம் திணறும்.

டீசல் புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்பதும் உண்மை. அதே இன்ஜின்தான் கரன்ட் இல்லாத கிணற்று மேட்டில் 'ஆயில் இன்ஜின்' என்ற பெயரில் தண்ணீர் இறைத்தது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு தமிழ்நாடே மின்வெட்டில் தவித்தபோது, நம்ம பனியன் கம்பெனிகள் ஆர்டரை முடிக்க ஜெனரேட்டரைத்தான் நம்பின. செலவு கையைக் கடித்தாலும் தையல் மெஷின் நிற்கவில்லை. சின்னப் பட்டறையும் பிழைக்க வேண்டும் என்று அந்தத் தோல் பட்டறைக்காரர் மகன் கண்ட கனவு, அவர் பார்க்காத ஊர்களில் இப்படித்தான் பலித்தது.