வழக்குரைஞர் கிடைக்காதவர்களின் வழக்குரைஞர்

வன்கொடுமைக்கு உள்ளான ஒரு குடும்பம் காவல் நிலையத்தை எப்படியோ கடந்து நீதிமன்ற வாசலுக்கு வந்து சேரும்போது அதன் முன் நிற்கும் கேள்வி, நம் வழக்கை யார் எடுப்பார் என்பதுதான். கையில் பணமில்லை, வென்றால் கிடைப்பதில் ஒரு பங்கைத் தருகிறோம் என்று சொல்லத் தோன்றும். அமெரிக்காவில் அது வழக்கமான ஏற்பாடு. இந்தியாவில் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்துள்ளன. 1954ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அத்தகைய ஓர் ஒப்பந்தத்தைத் தொழில் ஒழுங்கீனமாகக் கருதியது. அப்படியானால் பணமில்லாதவருக்காக யார் வாதாடுவது? இக்கேள்வியோடு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நாம் மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தை வடித்தவராக அவரை அறிந்த அளவுக்கு, கட்சிக்காரருக்காகக் காத்திருந்த வழக்குரைஞராக நாம் அவரை அறியவில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மகர் குடும்பமொன்றில் பிறந்த பீமாராவ், பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913ஆம் ஆண்டு நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1916இல் லண்டன் சென்று பொருளியலோடு சட்டமும் பயிலக் கிரேஸ் இன்னில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் அரசுப் பணி கிடைத்தது. தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பணம் சேர்த்து, 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். பாரிஸ்டர் தகுதி பெற்று 1923இல் பம்பாய் திரும்பினார். பொருளியலில் முனைவர் பட்டம் அதே ஆண்டின் பிற்பகுதியில் கிடைத்தது.

இத்தனை பட்டங்களைப் பெற்றவரிடம் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொள்ளப் பணம் இல்லை. கொலம்பியாவில் உடன் பயின்ற பார்சி நண்பர் நவல் பதேனா அதைக் கொடுத்து உதவினார். அதன் பிறகும் வழி திறக்கவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் மூலப் பிரிவில் கட்சிக்காரர் நேரடியாக பாரிஸ்டரிடம் வர முடியாது. இடையில் சொலிசிட்டர் ஒருவர் வழக்கை ஒப்படைக்க வேண்டும். தீண்டப்படாத சாதியில் பிறந்தவரிடம் வழக்கைக் கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. ஆகவே அவர் மேல்முறையீட்டுப் பிரிவிலும் வெளியூர் நீதிமன்றங்களிலும் வாதாடினார். வருமானம் போதாமல் 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார்.

மறுபுறம், பரேல் பகுதியின் ஆலைத் தொழிலாளர்களும் நாட்டுப்புறத்து மகர்களும் தங்கள் வழக்குக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தனர். வழக்கு கிடைக்காத வழக்குரைஞரும் வழக்குரைஞர் கிடைக்காத மக்களும் இவ்வாறு சந்தித்தனர். அவர் பலரிடம் கட்டணமே வாங்கவில்லை. சிலரிடம் மிகக் குறைவாகவே வாங்கினார். 1926இல் பார்ப்பனர்களை இழிவுபடுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பார்ப்பனரல்லாத தலைவர்களுக்காக வாதாடி வென்றார். அதற்குப் பின்னரே அவருடைய திறமை நீதிமன்ற வட்டாரங்களில் பேசப்பட்டது. 1934இல் பாலியல் கல்வி குறித்து எழுதியதற்காக ஆபாசக் குற்றம் சுமத்தப்பட்ட இதழாசிரியர் ஆர். டி. கார்வேக்காக வாதாடித் தோற்றார். வெல்லக்கூடிய வழக்குகளை மட்டும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்கு இது சான்று.

ஆயினும் நம் கேள்விக்கு நேரடியாக விடை சொல்வது மகத் வழக்கு. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானித்தது. மகத் நகராட்சியும் அதை ஏற்றது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினர். அன்றே தாக்கப்பட்டனர். பின்னர் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, குளம் தங்களுக்கே உரியது என்று சாதி இந்துக்கள் சிலர் உரிமையியல் வழக்குத் தொடர்ந்து இடைக்காலத் தடை பெற்றனர். முதன்மைப் பிரதிவாதி அம்பேத்கர். டிசம்பர் 25 அன்று மகத்தில் மீண்டும் கூடியபோது மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஆனால் நீதிமன்றத் தடையை மதித்து எவரும் குளத்தில் இறங்கவில்லை.

1928 பிப்ரவரியில் தடை நீங்கியது. 1931இல் மகத் நீதிமன்றமும், 1933இல் தானே நீதிமன்றமும் தீண்டப்படாதோர் பக்கமே தீர்ப்பளித்தன. எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மிகப் பழங்காலந்தொட்டு வந்த வழக்கம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1937 மார்ச் 17 அன்று நீதிபதிகள் புரூம்ஃபீல்டும் வாடியாவும் அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்கு நடந்தது. வட்டமேசை மாநாடுகள், பூனா ஒப்பந்தம், துணைவியார் ரமாபாயின் மறைவு, இந்து மதத்தை விட்டு விலகுவதாகச் செய்த அறிவிப்பு ஆகிய அனைத்தும் அந்த இடைவெளியில் நிகழ்ந்தவை.

இந்த வெற்றியின் மதிப்பு எவ்வளவு ரூபாய் என்று நாம் கேட்டுப் பார்க்கலாம். ஒரு காசும் இல்லை. கிடைத்தது குளத்து நீரை அருந்தும் உரிமை. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாக எந்த வழக்குரைஞருக்கும் பிரித்துத் தர முடியாது. வென்றால் பங்கு என்னும் முறை, பெருந்தொகை இழப்பீடு கிடைக்கக்கூடிய விபத்து வழக்குகளுக்குப் பொருந்தலாம். பாதை, சுடுகாடு, கோயில், கிணறு ஆகியவற்றுக்கான வழக்குகளுக்குப் பொருந்தாது. அந்தத் தடை நீக்கப்பட்டால் நம் மக்களுக்கு வழக்குரைஞர் கிடைத்துவிடுவார் என்று நாம் நம்பவில்லை. மேலும், வன்கொடுமைக்காக அரசு தரும் தீருதவி, பாதிக்கப்பட்டவர் மீண்டெழுவதற்கான பணம். அதில் பங்கு பேசுவோரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மகத் வழக்கு ஒன்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், வழக்குரைஞரே பிரதிவாதியாக நின்றதும், அவருக்குப் பின்னால் 1924இல் அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையும் இயக்கமும் இருந்ததும்தான். அத்தகைய ஒருவர் ஒவ்வோர் ஊருக்கும் கிடைக்க மாட்டார். அதனால்தான் உதவி பெறுவது சட்ட உரிமையாக எழுதப்பட்டுள்ளது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 4(5)ஆம் விதிப்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மாவட்ட ஆட்சியர் மூத்த வழக்குரைஞர் ஒருவரை அமர்த்தி, கட்டணத்தை அரசு வழங்கச் செய்யலாம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவைப் பெறும் உரிமை தந்துள்ளது.

இவ்வுரிமைகள் கேட்காமல் கைக்கு வருவதில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவானவுடனேயே, தாம் விரும்பும் வழக்குரைஞரை அமர்த்துமாறு ஆட்சியருக்கு எழுத்து வடிவில் மனு அளிக்கவும், அதன் நகலுக்கு ஒப்புகை பெறவும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் துணை நிற்க வேண்டியது நம் இயக்கங்களின் கடமை. சொலிசிட்டர்கள் புறக்கணித்த ஓர் இளம் பாரிஸ்டர் தனியொருவராகச் சுமந்த பணி அது. இன்று அதற்கான சட்டமும் நிதியும் இருக்கின்றன.