காய்ச்சலை மருந்தாக்கிய டாக்டர்

வில்லியம் கோலியின் வாழ்க்கை வரலாறு

1890-ம் ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 17 வயதுப் பெண் ஒருத்தி, வீங்கிய வலது கையுடன் ஒரு டாக்டரிடம் வந்தாள். ரெயிலில் போனபோது இருக்கைகளுக்கு நடுவே கை சிக்கி அடிபட்டுவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் வலி நாளுக்கு நாள் கூடியது.

டாக்டர் சோதித்துப் பார்த்தார். கையில் புற்றுநோய்! முழங்கைக்குக் கீழே கையை வெட்டி எடுத்தார். பயன் இல்லை. நோய் உடல் முழுவதும் பரவியது. 1891 ஜனவரியில் அவள் இறந்துபோனாள்.

அவள் பெயர் எலிசபெத் டாஷியல். கோடீஸ்வரர் ராக்பெல்லரின் மகனுக்கு உற்ற தோழி. வைத்தியம் பார்த்தவர் டாக்டர் வில்லியம் கோலி. தொழிலுக்கு வந்த புதிதிலேயே நேர்ந்த இந்தச் சாவு அவரை உலுக்கிவிட்டது.

பழைய ஏடுகள்

கோலி 1862-ம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். சில காலம் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு, ஹார்வர்டில் வைத்தியம் படித்தார்.

கத்தியால் வெட்டினாலும் திரும்பி வரும் இந்த நோய்க்கு வேறு வழியே கிடையாதா? விடை தேடி, நியூயார்க் ஆஸ்பத்திரியின் பழைய ஏடுகளைப் புரட்டினார். அதில் ஓர் அதிசயம் இருந்தது.

ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஓர் ஏழைக்குக் கழுத்தில் புற்றுக்கட்டி. பல தடவை ஆபரேஷன் செய்தும் அது மீண்டும் வளர்ந்தது. பிழைக்கமாட்டார் என்று டாக்டர்கள் கைவிட்டார்கள். அப்போது அவருக்கு வேறொரு தொற்று நோய் வந்தது. தோல் சிவந்து வீங்கியது, காய்ச்சல் கொதித்தது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியையும் காணோம்!

அவர் உயிரோடு இருக்கிறாரா? ஏழைகள் வாழும் தெருக்களில் கோலி வீடு வீடாக ஏறி இறங்கினார். கடைசியில் கண்டுபிடித்தார். 6 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மனிதர் சுகமாக இருந்தார்!

கிருமியே மருந்து

காய்ச்சலை நாமே வரவழைத்தால் என்ன என்று கோலி துணிந்தார். 1891-ல், சாகும் தறுவாயில் இருந்த ஒரு நோயாளியின் உடலில் நோய்க் கிருமிகளை ஊசி மூலம் செலுத்தினார். கடும் காய்ச்சல் அடித்தது. கட்டி கரைந்தது. அவர் மேலும் 8 ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆனால் உயிருள்ள கிருமி பொல்லாதது. அந்தத் தொற்றாலேயே இரண்டு பேர் இறந்தார்கள். ஆகவே கோலி, கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்டு மருந்து தயாரித்தார். 1893-ல், வயிற்றில் பெரிய கட்டியுடன் கிடந்த 16 வயதுப் பையனுக்கு அதைச் செலுத்தினார். பையன் எழுந்து நடந்தான். அதன்பின் 26 ஆண்டுகள் வாழ்ந்தான்.

எதிர்ப்பு

ஆனாலும் பல டாக்டர்கள் அவரை நம்பவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. மருந்து சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று கோலியாலும் விளக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில் எக்ஸ்ரே, ரேடியம் சிகிச்சைகளும் வந்துவிட்டன. அவர் வேலை பார்த்த மெமோரியல் ஆஸ்பத்திரியிலேயே, புகழ்பெற்ற டாக்டர் ஜேம்ஸ் யூயிங் அவருடைய முறையை எதிர்த்தார்.

கோலி தளரவில்லை. நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார். 1936-ல் அவர் காலமானார். மருந்தும் மெல்ல மறக்கப்பட்டது.

மகள் எடுத்த பொறுப்பு

அவருடைய மகள் ஹெலன் டாக்டர் அல்ல. கல்லூரியில் பட்டம் பெற்றவரும் அல்ல. ஆனால் தந்தை விட்டுச் சென்ற காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நோயாளிகளின் விவரங்களைப் பல ஆண்டுகள் பாடுபட்டுத் திரட்டினார். 1953-ல் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு முதலில் பணம் கொடுத்தவர் நெல்சன் ராக்பெல்லர். அன்று இறந்துபோன அந்தப் பெண்ணின் தோழருடைய மகன்தான் அவர்!

கோலிக்குப் புரியாத ரகசியம் பிறகு வெளிப்பட்டது. நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் உடலைக் காக்கும் காவலர்கள். சில சமயம் புற்றுநோயை அவை கண்டுகொள்வதில்லை. அவற்றைத் தட்டி எழுப்பினால் நோயோடு போரிடும்.

நம் நாட்டில் குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் தடுக்கப் போடும் பி.சி.ஜி. மருந்தே, இன்று சிலவகை மூத்திரப்பைப் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படுகிறது. வெள்ளை அணுக்களைக் கட்டிப்போடும் தடையை அகற்றும் வழி கண்டதற்காக, ஜேம்ஸ் அல்லிசன், தசுகு ஹோன்ஜோ ஆகிய இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சிகிச்சையும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனாலும் கைவிடப்பட்ட பலர் இதனால் பிழைத்திருக்கிறார்கள்.

ஒரு பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லையே என்று வருந்திய டாக்டர், பழைய ஏட்டைப் புரட்டினார். அங்கே தொடங்கியது இந்த வழி.