இரைப்பையின் இரகசியம் கண்ட மருத்துவர்

நாம் உண்ணும் உணவு வயிற்றினுள் எவ்வாறு செரிக்கிறது? இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இக்கேள்விக்கு உறுதியான விடை இல்லை. இரைப்பை உணவை அரைக்கிறது என்றனர் சிலர்; உணவு உள்ளே புளித்துக் கரைகிறது என்றனர் வேறு சிலர். எனவே, அஜீரணத்திற்கான மருத்துவமும் பெரும்பாலும் ஊகமாகவே இருந்தது. இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் வில்லியம் பியூமோண்ட்.

இவர் 1785ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சில காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். மருத்துவக் கல்லூரியில் பயிலாமல், மூத்த மருத்துவரிடம் உதவியாளராக இருந்து தொழிலைக் கற்றார். பின்னர் இராணுவ மருத்துவரானார்.

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், மெக்கினாக் தீவிலிருந்த ஒரு கடையில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கனடா நாட்டுத் தொழிலாளியின் இடப்பக்க வயிறு சிதைந்தது. அவர் பிழைக்கமாட்டார் என்றே பியூமோண்ட் எண்ணினார். ஆயினும், விடாது சிகிச்சை அளித்து உயிரைக் காத்தார். ஆதரவற்ற அவரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். காயம் ஆறியது. ஆனால், இரைப்பைக்குச் செல்லும் துளை மட்டும் மூடவில்லை.

அத்துளை பியூமோண்டுக்கு ஒரு சன்னலாக அமைந்தது. 1825ஆம் ஆண்டு, இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கினார். ஒரு மணி நேரத்திற்குப் பின் இழுத்துப் பார்த்தார். ரொட்டியும் முட்டைக்கோஸும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி மாறவில்லை. அச்சோதனைக்குப் பின் மார்ட்டினுக்கு வயிற்றுவலியும் தலைவலியும் வந்தன. இரைப்பையின் உட்புறத்தில் வெண்புள்ளிகளைக் கண்ட பியூமோண்ட், மாத்திரைகளைத் துளைவழியே இட்டார். சுமார் மூன்று மணி நேரத்தில் துன்பம் நீங்கியது. அஜீரணத்தையும் மருந்தின் பயனையும் அவர் கண்ணாலேயே கண்டார்.

இரைப்பை நீரைச் சீசாவில் எடுத்து, உடல் வெப்பத்தில் வைத்தபோதும் உணவு கரைந்தது. செரிமானம் ஒரு வேதியியல் மாற்றம் என்பது இதனால் உறுதியானது. அந்நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதும் தெரிந்தது. நன்கு நறுக்கிய உணவு விரைவில் செரிக்கும்; கோபம் செரிமானத்தைக் கெடுக்கும்; மது இரைப்பையைப் புண்படுத்தும் என்பனவற்றையும் அவர் கண்டறிந்தார். 1833ஆம் ஆண்டு, 238 சோதனைகளை நூலாக வெளியிட்டார்.

இவ்வெற்றிக்கு மார்ட்டின் கொடுத்த விலை பெரிது. ஏழையான அவர், ஊதியத்திற்காகப் பல முறை வலியைப் பொறுத்துக்கொண்டார். பின்னர் கனடாவுக்குச் சென்றவர், பியூமோண்ட் எத்தனையோ முறை அழைத்தும் திரும்பவில்லை. அவரது மறுப்பும் நியாயமானதே. நோயாளியின் முழு விருப்பமின்றி ஆய்வு செய்யக்கூடாது என்பது இன்றைய மருத்துவ நெறியாகும்.

பியூமோண்ட் 1853ஆம் ஆண்டு, பனி உறைந்த படிகளில் வழுக்கி விழுந்து, அதன் விளைவாக மறைந்தார். மார்ட்டினோ 1880ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். செரிமானம் பற்றிய நம் அறிவுக்கு, ஆராய்ந்த மருத்துவருக்கு மட்டுமன்றி, வலியைத் தாங்கிய தொழிலாளிக்கும் நாம் கடன்பட்டுள்ளோம்.