எவரெஸ்ட்டில் இருந்து நெய்யூருக்கு: வாய்ப்புற்றுநோயோடு மல்லுக்கட்டிய டாக்டர் சாமர்வெல்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பல வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போடும் ஒருவர், பல் ஆடுகிறது என்று டாக்டரிடம் போனால், ஓபிஜி எடுத்துப் பார்க்கச் சொல்ல வாய்ப்பு அதிகம். தலையைச் சுற்றி வரும் அந்த எக்ஸ்ரே, இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டிவிடும். பல்லுக்காக எடுத்த படத்தில், பல்லைத் தாங்கும் எலும்பு குறைந்திருப்பதும் தெரியலாம்.

மெல்லும் புகையிலை வாயை என்ன செய்யும் என்பதை மருத்துவ உலகம் புரிந்துகொண்டதில் நம்ம தென்மாவட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இந்த இரண்டு ஊர்களையும் ஒட்டி ஓடும் மேற்குத் தொடர்ச்சி மலை, தெற்கே முடிகிற பகுதியில் உள்ள ஊர் நெய்யூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அங்கே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர் ஓர் எவரெஸ்ட் வீரர்.

யார் இந்த சாமர்வெல்?

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், 1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். ஷூ தயாரிப்பில் பெயர் பெற்ற வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனில் டாக்டரானார். முதல் உலகப்போரில், 1916-ம் ஆண்டு சோம் போர்க்களத்தில் அறுவை சிகிச்சை செய்தார். நூற்றுக்கணக்கான வீரர்கள் ஸ்ட்ரெச்சரில் காத்துக்கிடக்க, கத்தி பிடிக்கும் கைகளோ கொஞ்சம்தான். காத்திருந்தே உயிர் போகும் கொடுமையை அங்கே பார்த்தார்.

1922-ல் எவரெஸ்ட் பயணக் குழுவில் சேர்ந்தார். அந்த முயற்சி பனிச்சரிவில் முடிந்தது. மலையேற்றக்காரர்களுக்கு உதவிய 7 சுமைதூக்கிகள் உயிரிழந்தார்கள், இவர் பிழைத்தார். அந்தக் குற்ற உணர்வு அவரை விடவில்லை.

அதன்பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அறுவை சிகிச்சைக்குத் தகுதியான டாக்டர் ஒரே ஒருவர். வாசலில் பெரும் கூட்டம். போர்க்களத்தில் பார்த்த அதே காத்திருப்பு. லண்டனில் நல்ல வேலை காத்திருந்தும் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு நெய்யூரைத் தேர்ந்தெடுத்தார்.

1924-ல் இன்னொரு முறை எவரெஸ்ட். ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 28,000 அடி வரை ஏறினார். இறங்கும்போது தொண்டை அடைத்து, மூச்சு முட்டிச் சாகும் நிலைக்குப் போய் மீண்டார். அதே பயணத்தில் காணாமல் போன மல்லோரியிடம் இருந்தது இவர் கொடுத்த கேமராதான் என்று சொல்லப்படுகிறது. மறுபடி நெய்யூர் திரும்பியவர், 1949 வரை அங்கேயே இருந்தார்.

நெய்யூரில் என்ன தெரிந்தது?

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாவற்றையும் சேர்த்து மென்று, கன்னத்தில் அடக்கி வைப்பது அந்த வட்டாரத்தில் சர்வ சாதாரணம். 1908-லேயே நெய்யூர் டாக்டர் பென்டால், 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருந்தார். சாமர்வெல் காலத்தில், 1933-ல், டாக்டர் ஓர் என்பவர் வெற்றிலை மெல்பவர்களின் வாய்ப்புற்றுநோய் பற்றி லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார். புகையிலை அடக்கும் இடத்திலேயே புண் வருவது சந்தேகத்தை வலுப்படுத்தியது.

சாமர்வெல் போன்ற சர்ஜன்களுக்கு நோயோடு சேர்த்துத் தாமதமும் எதிரி. ஆரம்பத்தில் இந்தப் புண் வலிக்காது. வலிக்கும்போது தாடை எலும்பு வரை போயிருக்கும். அப்புறம் எலும்பையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டிவரும்.

எக்ஸ்ரே எவ்வளவு உதவும்?

எலும்பில் உள்ள தாது எக்ஸ்ரே கதிரைத் தடுப்பதால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஈறு நோயால் எலும்பின் உயரம் குறைந்தாலோ, புற்றுநோய் பரவி விளிம்பு பூச்சி அரித்தது போல ஆனாலோ, அந்த இடம் கறுப்பாகும். தாடையை எவ்வளவு அகற்றுவது என்று முடிவு செய்ய ஓபிஜி கைகொடுக்கும். சில நேரம் சிடி ஸ்கேனும் தேவைப்படும்.

ஆனால் ஒரு சிக்கல். பொதுவாக, தாதுவில் 30 சதவீதத்துக்கு மேல் போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் வித்தியாசம் தெரியும். கன்னத்தில் வரும் வெள்ளை, சிவப்புப் படை அதில் தெரியவே தெரியாது. அதனால் எக்ஸ்ரே நார்மல் என்றால் வாய் நார்மல் என்று அர்த்தமில்லை. டாக்டர் வாயைத் திறந்து, விரலால் தொட்டுப் பார்ப்பதுதான் முதல் பரிசோதனை. உறுதி செய்வது பயாப்ஸி.

கடைசிக் காலம்

நெய்யூருக்குப் பிறகு வேலூர் சிஎம்சியில் 1961 வரை இளம் டாக்டர்களுக்கு அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்தார். இங்கிலாந்து திரும்பி, 1975-ல் காலமானார். திருவனந்தபுரம் அருகே காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயரில் இயங்குகிறது. நெய்யூர் ஆஸ்பத்திரி இன்றும் புற்றுநோய்க்குச் சிகிச்சை தருகிறது.

வீட்டில் யாராவது புகையிலை போடுகிறார்களா? 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் சரியாகத் திறக்காமை, காரணமின்றி ஆடும் பல், உதட்டில் மரத்துப்போன உணர்வு, இதில் எது இருந்தாலும் உடனே பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.