வானொலி அன்பர்களின் பாதுகாவலர் புனித மாக்சிமிலியன் கோல்பே



யூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, எந்தப் புனிதரை எடுத்துக்கொள்வது என்று நாம் அதிக நேரம் யோசிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நம் விழுப்புரம் மாவட்டத்தை உலுக்கி எடுத்ததை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். நமக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. மின்சாரம் போயிற்று. சிறிது நேரத்தில் செல்பேசிகளும் ஊமையாயின. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் என்ன ஆனாளோ, ஏரிக்கரை ஓரம் குடியிருக்கும் தம்பி பிழைத்தானோ என்று தாய்மார் ஓடிவந்து கேட்டபோது, அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு சொல்லும் இல்லை.

அதன் பிறகு பங்கின் இளைஞர் சிலர் நம்மிடம் வந்தனர். அமெச்சூர் ரேடியோ, ஹாம் ரேடியோ என்றெல்லாம் அழைக்கப்படும் பொழுதுபோக்கு வானொலிக்கு ஒரு சிறு மன்றம் அமைக்க, பங்கு மண்டபத்தில் ஓர் அறை வேண்டும் என்றனர். பெரியவர்களில் சிலருக்கு இது உவப்பாக இல்லை. ஜெபமாலையும் மறைக்கல்வியும் நடக்க வேண்டிய இடத்தில் கம்பிக்கும் கருவிக்கும் என்ன வேலை என்று கேட்டனர். அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்கு நாம் வாதத்தால் விடை சொல்லப் போவதில்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையையே விடையாக வைக்கிறோம்.

நெசவாளரின் மகன்

1894ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள், அக்காலத்தில் ரஷ்யப் பேரரசின் கீழிருந்த போலந்துப் பகுதியில், சுடுன்ஸ்கா வோலா என்னும் ஊரில் கோல்பே பிறந்தார். தந்தை யூலியுஸ், தாய் மரியா இருவரும் தறி நெய்து பிழைத்த ஏழைகள். குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் ரேமண்ட் என்று பெயரிட்டனர். சிறுவன் குறும்புக்காரன். ஒருநாள் தாய் மனம் நொந்து, இவன் எதிர்காலத்தில் என்ன ஆவானோ என்று கடிந்துகொண்டார். அச்சொல் அவனைத் தைத்தது. கோவிலுக்குச் சென்று தேவமாதாவிடம் அதே கேள்வியை அழுதுகொண்டே கேட்டான். மாதா இரு கிரீடங்களைக் காட்டியதாகவும், தூய்மைக்குரிய வெண் கிரீடத்தையும் இரத்த சாட்சியத்துக்குரிய செங்கிரீடத்தையும் தான் ஒருங்கே ஏற்றுக்கொண்டதாகவும் பின்னர் அவன் தாயிடம் கூறினான்.

1907இல் பிரான்சிஸ்கன் துறவிகளின் சிறு குருமடத்தில் சேர்ந்த ரேமண்ட், 1910இல் துறவற உடை அணிந்து மாக்சிமிலியன் என்ற பெயரைப் பெற்றார். கணிதமும் பௌதிகமும் அவருக்குக் கரும்பாய் இனித்தன. 1912இல் உரோமைக்கு அனுப்பப்பட்டு, 1915இல் தத்துவ சாஸ்திரத்திலும் 1919இல் இறையியலிலும் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே படித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே, பூமியைத் தாண்டி விண்வெளிக்குச் செல்லக்கூடிய ஓர் ஊர்திக்கு அவர் வரைபடம் தீட்டினார். மனிதன் விண்வெளிக்குச் சென்றது 1961இல் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

1917 அக்டோபர் 16 அன்று, உரோமையில், தம்மோடு சேர்த்து ஏழே பேரைக் கொண்டு 'அமலோற்பவ மாதாவின் சேனை' என்னும் பக்தி இயக்கத்தை அவர் தொடங்கினார். எல்லோரும் மாணவர்கள். கையில் காசில்லை. ஓர் அறையில் கூடிய அச்சிறு கூட்டமே பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது. மறு ஆண்டு ஏப்ரல் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். அதற்குள் காசநோய் அவருடைய நுரையீரலை அரிக்கத் தொடங்கிவிட்டது. அன்று முதல் இறுதிவரை, பாதி நுரையீரலோடுதான் அவர் இத்தனை வேலையும் செய்தார்.

அச்சுக்கூடமும் துறவற மடமும்

தாயகம் திரும்பிய கோல்பே அடிகளார், 1922 சனவரியில் கிராக்கோவ் நகரில் 'அமல அன்னையின் வீரன்' என்ற மாத இதழை 5,000 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார். அச்சுக்கூலிக்குப் பணமில்லை. சபைத் தலைவர்களும் கைவிரித்துவிட்டனர். அடிகளார் வெட்கத்தை விட்டு, கடைகடையாகவும் வீடுவீடாகவும் ஏறி யாசித்தார்.

1927இல் வார்சாவுக்கு மேற்கே ஒரு பிரபு அளித்த நிலத்தில், 'நியப்போகலானுவ்', அதாவது 'அமல அன்னையின் நகர்' எழுந்தது. பலகைக் குடிசைகளில் தொடங்கிய அந்த மடம் பத்தே ஆண்டுகளில் எழுநூறுக்கு மேற்பட்ட துறவிகள் வாழும் சிற்றூராக வளர்ந்தது. மடத்துக்குச் சொந்தமான தீயணைப்புப் படையிலும் துறவிகளே இருந்தனர். கிழிந்த அங்கியும் எளிய உணவும் துறவிகளுக்கு. நாட்டிலேயே சிறந்த அச்சு இயந்திரம் மாதாவின் பணிக்கு. இதுவே அடிகளாரின் கணக்கு. 1935இல் ஒரு நாளேடும் தொடங்கியது. 1938 டிசம்பரில் மாத இதழின் பிரதிகள் பத்து இலட்சத்தை எட்டின.

நம் நாட்டுக்கும் வந்தார்

1930 ஏப்ரலில் சகோதரர்களோடு ஜப்பானின் நாகசாகி நகரில் இறங்கினார். அந்நாட்டு மொழி தெரியாது. இருந்தும் ஒரே மாதத்தில் ஜப்பானிய மொழி இதழ் வெளிவந்தது. மலைச்சரிவின் மறுபுறத்தில் அவர் மடம் கட்டியபோது பலர் நகைத்தனர். 1945இல் அணுகுண்டு விழுந்தபோது அந்த மலையே மடத்தை மறைத்துக் காத்தது.

1932இல் அவர் நம் இந்தியாவுக்கும் வந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கொழும்பு வழியாகக் கேரளத்தின் எர்ணாகுளத்தை அடைந்து, அங்கும் ஒரு மாதா நகரை நிறுவ அனுமதி நாடினார். பேராயர் இல்லத்துத் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது, குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் சுரூபத்தின் அடியிலிருந்து ஒரு மலர் விழுந்ததை நல்ல அடையாளமாகக் கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இடமும் கிடைப்பதாக இருந்தது. ஆனால் அனுப்ப ஆளில்லை. திட்டம் நின்றுபோயிற்று. நினைத்தது எல்லாம் புனிதர்களுக்கும் கைகூடுவதில்லை.

வானலையில் மடத்தின் குரல்

1936இல் போலந்துக்குத் திரும்பிய அடிகளாரின் பார்வை வானொலியின் பக்கம் சென்றது. அச்சிட்ட இதழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பயன்படும். குரலோ குடிசைக்குள்ளும் நோயாளியின் கட்டிலருகிலும் செல்லும் என்று அவர் கண்டார். மடத்துச் சகோதரர்கள் கருவிகளைப் பழகினர். 1938ஆம் ஆண்டு டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாளன்று, எஸ்.பி. 3 ஆர்.என். என்ற அழைப்புக்குறியோடு அவர்களுடைய நிலையம் ஒலித்தது. எஸ்.பி. என்பது போலந்து நாட்டைக் குறிக்கும். ஆர்.என். என்பது ரேடியோ நியப்போகலானுவ். சகோதரர்களின் இசைக்குழு லூர்து மாதா கீதத்தை இசைத்தது.

அழைப்புக்குறி என்றால் என்னவென்று சிலர் கேட்கலாம். அமெச்சூர் வானொலி நடத்துவோர் ஒவ்வொருவருக்கும் அரசு தரும் தனிப்பெயர் அது. உலகில் ஒருவருக்கு உள்ளது மற்றவருக்கு இராது. நம் நாட்டில் மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் தேர்வு வைத்து உரிமம் தருகிறது. இந்தியரின் குறிகள் பெரும்பாலும் வி.யு. என்று தொடங்கும். ஒலியை அனுப்பும் கருவி, வாங்கும் கருவி, உயரத்தில் கட்டிய ஏரியல் கம்பி, ஒரு மின்கலம்: இவ்வளவு இருந்தால், தொலைபேசிக் கோபுரங்கள் சாய்ந்த நாளிலும் ஒருவர் மற்றவரோடு பேசலாம்.

கோல்பே அடிகளாரின் வானொலிக்கு ஆயுள் குறைவு. 1939 செப்டம்பர் முதல் நாள் செர்மானியப் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. அந்தக் குரல் அடங்கியது. ஆயினும் இன்று உலகெங்கும் உள்ள கத்தோலிக்க வானொலி அன்பர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராகப் போற்றுகின்றனர்.

பதினோராம் கட்டடம்

அதே செப்டம்பர் 19 அன்று அடிகளார் கைதாகி, டிசம்பர் 8 அன்று விடுதலையானார். மடத்துக்குத் திரும்பியவர் அதன் கதவுகளை அகதிகளுக்குத் திறந்துவிட்டார். வீடிழந்து வந்த ஆயிரக்கணக்கானோருக்கு அங்கே அடைக்கலம் கிடைத்தது. அவர்களில் யூதர்களும் மிகப் பலர். 1941 பிப்ரவரி 17 அன்று மீண்டும் கைது செய்யப்பட்டு, மே 28 அன்று அவுஷ்விட்ஸ் வதை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே அவருக்குப் பெயர் இல்லை; 16670 என்ற எண்தான் உண்டு.

சூலை இறுதியில் அவர் இருந்த கட்டடத்திலிருந்து ஒரு கைதி தப்பியதாகத் தெரிந்தது. தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினியிட்டுக் கொல்ல அதிகாரி தேர்ந்தெடுத்தான். அவர்களில் பிரான்சிஸ்செக் கயோவ்னிச்செக் என்னும் இராணுவ வீரர் தம் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்துக் கதறினார். வரிசையில் நின்ற அனைவருடைய காதிலும் அந்தக் கதறல் விழுந்தது. ஒருவர் மட்டும் வரிசையை விட்டு முன்னே வந்தார். தாம் கத்தோலிக்கக் குரு என்றும், குடும்பஸ்தரான அந்த மனிதருக்குப் பதிலாகத் தம்மை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அமைதியாகக் கூறினார். அதிகாரி திகைத்து, பின் ஒப்புக்கொண்டான்.

பதினோராம் கட்டடத்தின் நிலவறையில் பத்துப் பேரும் அடைக்கப்பட்டனர். அந்த இருளிலிருந்து ஜெபமாலையும் மாதா கீதங்களும் எழுந்தன. பக்கத்து அறைகளில் இருந்தோரும் சேர்ந்து ஜெபித்தனர் என்று அங்கே பணியாற்றிய கைதி ஒருவர் பிற்பாடு சாட்சி சொன்னார். கருவியும் கம்பியும் இல்லாமல் அடிகளார் நடத்திய கடைசி ஒலிபரப்பு அதுதான். இரண்டு வாரங்களுக்குப் பின் நால்வர் மட்டுமே உயிரோடிருந்தனர். ஆகஸ்டு 14 அன்று நச்சு ஊசி போட்டு அவர்களையும் கொன்றனர். மறுநாள், மாதாவின் விண்ணேற்புத் திருநாளில், அடிகளாரின் உடல் எரிக்கப்பட்டது.

1971 அக்டோபர் 17 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். 1982 அக்டோபர் 10 அன்று, போலந்து நாட்டவரான திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை வேதசாட்சியாகவும் புனிதராகவும் அறிவித்தார். அந்தத் திருச்சடங்கில் கயோவ்னிச்செக் பங்குகொண்டார். அவர் 1995 வரை வாழ்ந்து, தமக்காக இறந்தவரைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லிவந்தார்.

நமக்கு என்ன பாடம்?

வானொலி மன்றம் என்பது நம் மண்ணுக்குப் புதியதல்ல. 1924 மே 16 அன்று சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்னும் மின் பொறியாளர், வேறு சில ஆர்வலர்களைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாகாண வானொலி மன்றத்தை அமைத்தார். அவ்வாண்டு சூலை 31 அன்று அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் மன்றம் நின்றது. ஆனால் அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டு 1930 ஏப்ரல் முதல் நாள் தன் ஒலிபரப்பைத் துவக்கியது. சில ஆர்வலர் ஓரிடத்தில் கூடியதன் பயன் அது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, தற்செயலாய்ப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினர் தங்கள் கருவிகளைக் கொண்டு, துண்டிக்கப்பட்ட தீவுகளின் செய்தியை வெளியுலகுக்குச் சேர்த்தனர். பொழுதுபோக்குக்காகப் பழகிய கலை அன்று எத்தனையோ குடும்பங்களுக்கு ஆறுதல் தந்தது.

ஒன்றை இளைஞர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டோம். இந்த உரிமத்தைக் கொண்டு பூசையை ஒலிபரப்பவோ, பிரசங்கம் செய்யவோ, வியாபாரம் பேசவோ கூடாது. சட்டம் அதை அனுமதிப்பதில்லை. பின் இதனால் நம் விசுவாசத்துக்கு என்ன பயன் என்று பெரியவர்கள் கேட்கலாம். இக்கலையைப் பழகுகிறவன் முதலில் கற்பது பேசுவதையல்ல, கேட்பதை. இரைச்சலுக்கு நடுவே மெலிந்து வரும் ஒரு குரலைப் பிரித்தறியப் பல மாதங்கள் காதைப் பழக்க வேண்டும். பிறர் பேசிக்கொண்டிருந்தால் குறுக்கிடக் கூடாது. ஆபத்தில் இருப்பவனின் அழைப்பு வந்துவிட்டாலோ, தன் பேச்சை நிறுத்திவிட்டு அவனுக்குச் செவி கொடுக்க வேண்டும். அவுஷ்விட்ஸ் முற்றத்தில் கோல்பே அடிகளார் செய்தது இதைத்தானே? எல்லோருக்கும் கேட்ட குரலுக்கு அவர் ஒருவரே பதில் கொடுத்தார்.

ஆகவே மண்டபத்தின் ஓரத்து அறையை அம்மன்றத்துக்குக் கொடுப்பதென்று பங்குப் பேரவையும் நாமும் சேர்ந்து முடிவு செய்துள்ளோம். மறைக்கல்வி நேரத்தில் அந்த அறை பூட்டியிருக்கும். மற்ற நேரங்களில் எந்தச் சமயத்துப் பிள்ளைகளும் வரலாம். தேர்வுக்குப் படிக்கட்டும், தந்திக் குறிகளைப் பழகட்டும், செஞ்சி மலைகளைத் தாண்டி நம் அனந்தபுரத்தின் குரல் செல்ல எவ்வளவு உயரத்தில் கம்பி கட்ட வேண்டும் என்று தாங்களே கணக்குப் போடட்டும். அடுத்த புயல் வரும்போது, மகளைத் தேடி வரும் தாய்க்குச் சொல்ல நம் பங்கில் ஒரு சொல்லாவது இருக்கட்டும்.

அந்த அறையின் சுவரில் புனித மாக்சிமிலியன் கோல்பேயின் படம் மாட்டப்படும். யூபிலி ஆண்டில் அப்புனிதரின் மன்றாட்டு நம் பங்கின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் துணையாக இருப்பதாக!